கேமரன் மலைப் பள்ளிகளில் கிறிஸ்துமஸ் சிற்றுண்டி

கிறிஸ்துமஸை ஒட்டிப் பள்ளிகளிலும் பாலர் பள்ளிகளிலும் நடக்கும் விருந்தில் ஒரு குழந்தையின் தட்டுக்கு வருவது ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான்: பாலாடை பூசிய கேக் துண்டு, ஒரு கைப்பிடி முறுக்கு அல்லது பொட்டலத் தீனி, மார்ஷ்மெல்லோவும் மிட்டாயும், சிவப்புச் சாயம் கலந்த ஒரு குவளை பானம். இவற்றை எந்த அளவுக்கு மாற்றலாம், எதை மாற்றினால் பலன் அதிகம், எதை அப்படியே விட்டுவிடலாம் என்பதே இந்த ஆய்வின் பொருள். மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் திரிங்காப், கோல தெர்லா, கம்போங் ராஜா, புளூ வேலி, சுங்கை பாலாஸ் வட்டாரங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதைப் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. தேயிலைத் தோட்டத்து மக்களும் காய்கறித் தோட்டத்து மக்களும் அருகருகே வாழும் இந்த இடத்தில், நல்ல சிற்றுண்டிக்கு வேண்டிய பொருள்களில் பாதி வேலிக்கு அப்பாலேயே விளைகிறது.

கேமரன் மலையில் தேயிலை வேரூன்றியது 1929-இல், ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டத்துடன். 1933-இல் பாரத் தேயிலைத் தோட்டம் வந்தது. இந்தத் தோட்டங்களுக்கு ஆள்கட்டி வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக எழுந்த தமிழ்ப்பள்ளிகளில் சில இன்றும் நடக்கின்றன.  கொழுந்து பறிப்பில் இப்போது வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்களே அதிகம். தமிழர் பலர் காய்கறி, பூத்தோட்டங்களுக்கும் லாரித் தொழிலுக்கும் சிறு கடைகளுக்கும் மாறிவிட்டனர். ஆகவே இந்தப் பள்ளிகளின் விருந்து மேசைக்கு வரும் பெற்றோரில் தக்காளி பயிரிடுபவரும் இருப்பார், கேக் கடை வைத்திருப்பவரும் இருப்பார்.

விருந்து நடக்கும் நாளைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. மலேசியாவில் டிசம்பர் 25 பொது விடுமுறை. பெருந்தொற்றுக்கு முன்பு பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடிந்ததால், அரசுப் பள்ளிகளில் கிறிஸ்துமஸ் விருந்து என்பது ஆண்டிறுதி விருந்தின் ஓர் அங்கமாகவே இருந்தது. 2022 முதல் 2024 வரை பள்ளியாண்டு மார்ச்சில் தொடங்கியபோது டிசம்பர் முற்பகுதி பள்ளி நாள்களுக்குள் வந்தது. 2026 முதல் ஜனவரித் தொடக்கம் திரும்பியிருக்கிறது. அதனால் விருந்து மறுபடியும் நவம்பர் கடைசிக்கோ டிசம்பர் முதல் வாரத்துக்கோ நகர்கிறது. பாலர் பள்ளிகளும் தேவாலயங்களின் ஞாயிறு வகுப்புகளும் மட்டும் பண்டிகையை நெருங்கிக் கொண்டாடுகின்றன. தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பான்மை இந்துப் பிள்ளைகளே. கிறிஸ்தவப் பிள்ளைகள் சிலராக இருக்கும் வகுப்பில் எல்லோரும் உண்ணத்தக்கதாக விருந்து அமைய வேண்டும் என்பது இங்கே முதல் நிபந்தனை. சத்துக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு நாள் விருந்துக்கு இவ்வளவு கவலை தேவையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஒரு நாள் தனியாக வருவதில்லை. பிறந்தநாள், ஆசிரியர் தினம், தீபாவளி, பள்ளி விளையாட்டுப் போட்டி என்று ஒரே மாதிரித் தட்டு ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. மலேசியாவின் 2019-ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி 5 முதல் 17 வயது வரையுள்ளோரில் 29.8 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல்பருமனோ கொண்டவர்கள். அதே ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். பருமனும் சத்துக்குறைவும் ஒரே வகுப்பில், சில வேளை ஒரே வீட்டில் இருப்பது இந்நாட்டுச் சிக்கல். 2015-இல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் நடந்த வாய்நல ஆய்வில் பத்துப் பேரில் ஏழு பேருக்குச் சொத்தைப் பல் இருந்தது. இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பார்த்தால், ‘கலோரியைக் குறை’ என்ற ஒற்றை வாக்கியம் இங்கே பொருந்தாது என்பது புரியும். சீனி குறைய வேண்டும்; புரதமும் காயும் கனியும் கூட வேண்டும்.

சீனிக் கணக்கைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்ப்பது நல்லது. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு நாளைய மொத்த ஆற்றலில் சேர்க்கப்படும் சீனியின் பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 5 விழுக்காட்டுக்குள் நின்றால் இன்னும் நல்லது. அமெரிக்க இதயச் சங்கம் 2016-இல் சொன்ன வரம்பு இன்னும் எளிது: 2 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குக் குறைவு, அதாவது ஆறு தேக்கரண்டி. இப்போது வழக்கமான விருந்துத் தட்டை எடுத்துக்கொள்வோம். சாயச் சர்பத் 200 மில்லி லிட்டரில் ஏறத்தாழ 20 கிராம். பாலாடை பூசிய சிறு கேக் துண்டில் 15 கிராம். மூன்று மார்ஷ்மெல்லோவில் 12 கிராம். இரண்டு மிட்டாயில் எட்டோ பத்தோ. அரை மணி நேரத்தில் 55 கிராம் உள்ளே போய்விடுகிறது. வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுக்கும் பொட்டலம் இந்தக் கணக்கில் இல்லை.

இந்தக் கூட்டலில் மிகப் பெரிய ஒற்றைத் தொகை பானம். மாற்றுவதற்கு மிக எளியதும் அதுவே. கேக்கைக் குறைத்தால் குழந்தை கவனிக்கும். பானத்தில் சீனி குறைந்தால் அவ்வளவாகக் கவனிக்காது, ஓடி விளையாடிய தாகத்தில் எதையும் குடிக்கும். மலேசிய அரசும் முதலில் கைவைத்தது பானத்தில்தான். 2019 ஜூலை 1 முதல், 100 மில்லி லிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் கலால் வரி விதிக்கப்பட்டது. 2024-இல் அது 50 சென்னாகவும் 2025 ஜனவரி முதல் 90 சென்னாகவும் உயர்ந்தது. விளைவாக, பல நிறுவனங்கள் தங்கள் பானங்களின் சீனியை அந்த 5 கிராம் கோட்டுக்குக் கீழே இறக்கிவிட்டன. இதைக் கண்டு பெற்றோர் ஏமாறக் கூடாது. வரிக்கோட்டை ஒட்டி நிற்கும் 250 மில்லி லிட்டர் பெட்டிப் பானத்தில் 12 கிராம் சீனி இருக்கிறது. ஒரு பெட்டியிலேயே நாள் வரம்பில் பாதி. பழச்சாறுக்கு வரிக்கோடு 12 கிராம் என்பதால், ‘வரியில்லாத பழச்சாறு’ என்பதும் காப்பாகாது. சாறாகப் பிழிந்த பழத்தின் சீனியை உலகச் சுகாதார நிறுவனம் சேர்த்த சீனியாகவே கணக்கிடுகிறது. தேனும் ஜாமும் அப்படித்தான். கேமரன் மலைத் தேனையும் ஸ்ட்ராபெரி ஜாமையும் உள்ளூர்ப் பொருள் என்பதற்காக ‘ஆரோக்கியம்’ என்று எழுதி ஒட்டுவது வியாபாரத்துக்கு உதவும், பல்லுக்கு உதவாது.

என்ன கொடுக்கலாம்? தண்ணீர்தான் முதல் விடை. ஆனால் விருந்தில் வெறும் தண்ணீர் என்றால் பிள்ளைகள் முகம் சுளிக்கும். கண்ணாடிச் சாடியில் எலுமிச்சை வில்லையும் புதினாத் தழையும் நான்கைந்து ஸ்ட்ராபெரித் துண்டும் போட்டு ஒரு மணி நேரம் வைத்தால் நிறமும் மணமும் இறங்கும், சீனி ஏறாது. மலைக் குளிருக்கு வெதுவெதுப்பான பாலும் பொருந்தும். இஞ்சியும் ஏலமும் தட்டிப்போட்டு, குறைந்த சீனியில் காய்ச்சிய பால் ஒரு சிறு குவளை. மைலோ வைப்பதானால் கெட்டிப்பால் ஊற்றாமல் வைக்க வேண்டும்: கெட்டிப்பாலின் எடையில் பாதிக்கு மேல் சீனி.

சீனியைப் பற்றிய ஒரு நம்பிக்கையை இங்கே ஒதுக்கிவிடலாம். இனிப்புச் சாப்பிட்டால் பிள்ளைகள் தலைகால் தெரியாமல் ஆடுவார்கள் என்று ஆசிரியர்களும் பெற்றோரும் உறுதியாகச் சொல்வதுண்டு. 1995-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த தொகுப்பாய்வு, கட்டுப்பாட்டுடன் நடந்த சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, சீனிக்கும் குழந்தைகளின் நடத்தைக்கும் தொடர்பு இல்லை என்றே முடித்தது. ஆட்டத்துக்குக் காரணம் விருந்து, கூட்டம், பாட்டு, பரிசு. சீனியைக் குறைப்பதற்குப் பல்லும் எடையும் போதுமான காரணங்கள். பொய்யான காரணம் சேர்க்கத் தேவையில்லை. சாயங்களின் கதை வேறு. 2007-இல் இங்கிலாந்தின் சௌத்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வு, ஆறு செயற்கைச் சாயங்களும் சோடியம் பென்சோயேட்டும் சேர்ந்த கலவைகள் சில குழந்தைகளின் துறுதுறுப்பைக் கூட்டக்கூடும் என்று காட்டியது. 2010 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தச் சாயங்கள் உள்ள உணவுகளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமானது. கிறிஸ்துமஸின் சிவப்பும் பச்சையும் சாயப்பொடியிலிருந்துதான் வர வேண்டும் என்று விதியில்லை. இந்த மலையில் அவை செடியிலேயே காய்க்கின்றன.

முழுத் தடை பற்றியும் சொல்ல வேண்டும். சில பள்ளிகளில் ஆர்வமுள்ள பெற்றோர் கேக்கையே மேசையிலிருந்து எடுத்துவிடப் பார்க்கிறார்கள். கண்ணுக்கு முன் வைத்துக் கைக்கு எட்டாமல் தடுத்த தீனியின்மீது குழந்தையின் ஆசை கூடுகிறது என்று 1999-இல் ஃபிஷர், பர்ச் ஆகியோரின் ஆய்வு காட்டியது. நெதர்லாந்தில் 2010-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பார்வைக்கு அழகாக அடுக்கிய பழத்தைக் குழந்தைகள் சாதாரணமாக வைத்த பழத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு சாப்பிட்டன. இரண்டையும் சேர்த்தால் வழி தெரிகிறது: கேக் இருக்கட்டும், சிறிதாக இருக்கட்டும், பழத்தையும் கிழங்கையும் அழகாக வைக்கட்டும், முதலில் வைக்கட்டும். பசியோடு வரும் குழந்தை முதலில் கண்ணில் பட்டதைத்தான் அதிகம் எடுக்கும்.

கேமரன் மலை விளைச்சலில் ஸ்ட்ராபெரியே பெயர்பெற்றது. 100 கிராமில் 32 கலோரி, சுமார் 59 மில்லிகிராம் வைட்டமின் சி. நுனியைக் கிள்ளி, நடுவில் வெட்டி, இடையில் கெட்டித் தயிர் ஒரு கரண்டி வைத்து மூடினால் கிறிஸ்துமஸ் தாத்தாவின் தொப்பியும் தாடியும் ஆகிவிடும். ஆனால் உள்ளூர்ப் பழம் என்பதாலேயே மலிவு என்று ஆகிவிடாது. ஆண்டிறுதிச் சுற்றுலாக் கூட்டம் ஏறும்போது விலையும் ஏறும். அறுபது பிள்ளைகளுக்கு வயிறு நிறைய வைக்க வேண்டியவை சோளமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும்தான். கியா ஃபார்ம் சந்தையில் சுற்றுப்பயணிகள் ஆவி பறக்க வாங்கித் தின்னும் அதே கிழங்கும் சோளமும் பள்ளி மேசையில் அபூர்வமாகவே தென்படுவது விந்தை. ‘வீட்டில் தின்பதைத்தானே விருந்திலும் தருகிறீர்கள்’ என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம்தான் காரணமாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் நிறச் சர்க்கரைவள்ளி 100 கிராம் அவித்துக் கொடுத்தால் ஆறேழு வயதுக் குழந்தையின் அன்றைய வைட்டமின் ஏ தேவை முழுவதும் கிடைத்துவிடுகிறது. ஊதாக் கிழங்கில் அந்தச் சத்து அவ்வளவு இல்லை. ஆனால் நட்சத்திர அச்சில் வெட்டி ஊதாவையும் மஞ்சளையும் மாற்றி மாற்றி அடுக்கினால் தட்டு காலியாகும். வெள்ளரி வில்லையையும் அவித்த புரோக்கோலிப் பூவையும் கூம்பாக அடுக்கி, செர்ரித் தக்காளியை நீளவாக்கில் நான்காக நறுக்கி இடையில் செருகினால் கிறிஸ்துமஸ் மரம்.

தமிழ் அடுக்களையின் பங்கு இதில் பெரிது. ஆவியில் வேகும் பண்டங்களுக்கு இத்தனை வகை உள்ள சமையலில் எண்ணெய்ச் சட்டி மட்டும்தான் பண்டிகை என்று நினைப்பது பொருந்தாது. குட்டி இட்லி ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வைத்து, கறுப்பு எள்ளில் கண்ணும் கேரட் சீவலில் மூக்கும் வைத்தால் பனிமனிதன். பனி பெய்யாத மலையில் அவன் இட்லியில் வந்தால் போதும். பற்குச்சியால் குத்தி நிறுத்தக் கூடாது. கெட்டிச் சட்னி ஒட்டும். கொண்டைக்கடலைச் சுண்டல் இன்னொன்று. வேகவைத்த கடலை 100 கிராமில் ஏறக்குறைய 9 கிராம் புரதம் உண்டு, நார்ச்சத்தும் நிறைய. தேங்காய்த் துருவலும் துருவிய கேரட்டும் கலந்து காகிதக் கூம்பில் தந்தால் ஈப்போ நகரின் புந்தோங்கில் கச்சாங் பூத்தே எனும் கடலைத் தீனி விற்கும் வியாபாரிகளின் பொட்டலம் நினைவுக்கு வரும், எண்ணெய் மட்டும் இருக்காது.

கிறிஸ்துமஸ் பலகாரம் என்று தமிழ்க் கிறிஸ்தவர் சுடுவனவற்றிலும் சத்தானது உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து முந்திரிக்கொத்து பெயரில்தான் முந்திரி. உள்ளே இருப்பது வறுத்துப் பொடித்த பச்சைப்பயறும் வெல்லமும் தேங்காயும். யாழ்ப்பாணத்துப் பயற்றம் பணியாரமும் அதன் உறவுதான். இரண்டையும் மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கிறார்கள். பொரிக்காமல் அந்தப் பூரணத்தையே நெல்லிக்காய் அளவு உருண்டையாகப் பிடித்தால் புரதம் மிகுந்த, எண்ணெய் இல்லாத இனிப்பு கிடைக்கும். வெல்லமும் சீனிதான் என்பதால் ஆளுக்கு ஒன்று போதும். அச்சு முறுக்கும் முறுக்கும் அப்படியல்ல. நூறு கிராமுக்கு 500 கலோரிக்குக் குறையாத இவற்றைத் தட்டில் குவிக்காமல், ஆளுக்கு ஒன்று வைத்தால் பண்டிகையும் நிற்கும், வரம்பும் நிற்கும்.

இனி கேக். பழக் கேக்குக்காகப் பேரீச்சையையும் உலர்திராட்சையையும் ரம்மில் ஊறப்போடும் வழக்கத்தைப் பள்ளி விருந்தில் கைவிட்டே ஆக வேண்டும். முஸ்லிம் பிள்ளைகளும் ஆசிரியர்களும் உண்ண முடியாது என்பது ஒருபுறம், குழந்தை உணவில் மதுவுக்கு இடமே இல்லை என்பது மறுபுறம். மாற்று இந்த மலையிலேயே விளைகிறது. அயர்லாந்தின் பார்ம்பிராக், வேல்ஸின் பாரா பிரித் ஆகிய இரண்டு பழ ரொட்டிகளிலும் உலர்பழத்தை இரவு முழுவதும் கடுந்தேத்தண்ணியில் ஊறவைப்பதே மரபு. ஒரு குவளை கொதிநீரில் தேயிலையைச் சாயமிறக்கி வடித்து, 250 கிராம் உலர்திராட்சையும் நறுக்கிய பேரீச்சையும் ஆரஞ்சுத் தோல் துருவலும் பட்டைத் தூளும் போட்டு மூடிவைக்க வேண்டும். காலையில் பழம் உப்பி, தேத்தண்ணி முழுவதையும் குடித்திருக்கும். பழமே இனிப்பதால் மாவில் போடும் சீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தயங்காமல் குறைக்கலாம். பாரா பிரித்தின் பல பக்குவங்களில் வெண்ணெய்யும் கிடையாது. மேலே பாலாடைப் பூச்சு வேண்டாம், பொடிச்சீனி தூவிய தடம் போதும். துண்டு தீப்பெட்டி அளவு. சுற்றுப்பயணிகளுக்குத் தேநீரோடு கேக் விற்கும் ஊரில், தேநீரே கேக்குக்குள் போவதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதும் ஒரு பாடம்.

யார் எதை உண்பார் என்பதில் இடறுவது எளிது. மார்ஷ்மெல்லோவிலும் பல மெல்லும் மிட்டாய்களிலும் ஜெலட்டின் உண்டு. அது பெரும்பாலும் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுக்கப்படுவது. பன்றி என்றால் முஸ்லிம் பிள்ளைக்கு ஆகாது; ஹலால் முத்திரையோடு வரும் மாட்டு ஜெலட்டின் இந்துப் பிள்ளைக்கு ஆகாது. உறையில் ‘ஹலால்’ என்று பார்த்து வாங்கிவந்து நிம்மதியடையும் தமிழ்ப் பெற்றோர் பலர் இதைக் கவனிப்பதில்லை. விருந்து பண்டிகையை நெருங்கினால் இன்னொன்றும் சேரும்: கார்த்திகை முதல் ஐயப்ப விரதம், டிசம்பர் நடுவிலிருந்து மார்கழி. அந்நாள்களில் முட்டையும் தொடாத வீடுகள் இருக்கும். எனவே முட்டையில்லாத பண்டம் ஒன்றாவது தனித் தட்டில் இருக்க வேண்டும். ஜெலட்டினுக்கு மாற்றாக மலேசியர் எல்லோருக்கும் பழகிய அகார் அகார் இருக்கிறது. கடற்பாசியிலிருந்து வருவதால் எவருக்கும் தடையில்லை. தேங்காய்ப்பால் கலந்த வெள்ளை அடுக்கின்மேல் ஸ்ட்ராபெரித் துண்டு பதித்த சிவப்பு அடுக்கு ஊற்றினால் சாயமே தேவைப்படாது.

பாதுகாப்பு விதிகள் குறைவு, ஆனால் தளர்த்தக் கூடாதவை. நான்கு வயதுக்குட்பட்டோருக்கு முழுத் திராட்சை, முழுக் கொட்டை, சோளப்பொரி, கெட்டி மிட்டாய் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயை அடைக்கும். பாலர் பள்ளியில் ஐந்து, ஆறு வயதினரும் அதே மேசையில் இருப்பதால் விதியை எல்லோருக்கும் பொதுவாக்குவது நல்லது. திராட்சையையும் செர்ரித் தக்காளியையும் நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும். வாயில் பிதுக்கித் தின்னும் கொன்ஞாக் ஜெல்லிக் கிண்ணங்களை ஐரோப்பிய ஒன்றியம் 2002-லேயே தடுத்தது. பள்ளி மேசையில் அவற்றுக்கு வேலையில்லை. கச்சான், முட்டை, இறால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெயர் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே இருக்க வேண்டும். இறால் அப்பளமும் இறால்தான். ஸ்ட்ராபெரியும் தக்காளியும் பூச்சிமருந்து பட்டு வரும் பயிர்கள் என்பதைத் தோட்டக்காரர்களே அறிவார்கள். குழாய் நீர் ஓட ஓடத் தேய்த்துக் கழுவ வேண்டும், சோப்பு போடக் கூடாது.

கடைசியாக, குளிர். கேமரன் மலையின் குளிரை நம்பிக் காலை ஐந்து மணிக்குச் சமைத்ததை மதியம்வரை மேசையில் விடுவது அடிக்கடி நடப்பது. 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரை கிருமி பெருகும் வெப்பநிலை; மலையின் 18 பாகையும் அதற்குள்தான் அடங்கும். சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்ற மலேசியச் சுகாதார அமைச்சின் அறிவுரை திரிங்காப்புக்கும் பொருந்தும். பழத்தில் வைக்கும் தயிரைப் பரிமாறும்போதுதான் சேர்க்க வேண்டும்.

செயல்படுத்துவது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கையில் இருக்கிறது. ‘உங்களால் முடிந்ததைக் கொண்டுவாருங்கள்’ என்று சுற்றறிக்கை அனுப்பினால் முப்பது வீட்டிலிருந்து இருபது பொட்டலத் தீனியும் பத்துப் புட்டிச் சர்பத்தும் வரும். யார் பழம், யார் கிழங்கு, யார் சுண்டல், யார் கேக் என்று பெயர் எழுதிப் பிரித்தால் செலவும் குறையும். சிற்றுண்டிச்சாலையில் விற்கக்கூடாதென்று கல்வி அமைச்சு ஒதுக்கியுள்ள மிட்டாயும் வாயுபானமும் விருந்து என்ற பெயரில் வகுப்பறைக்குள் வருவதைத் தலைமையாசிரியர் தடுக்கலாம். அதற்குப் புது விதி வேண்டியதில்லை. வீட்டுக்குக் கொடுக்கும் பொட்டலத்தில் மிட்டாய்க்குப் பதில் வண்ணப் பென்சிலும் ஒரு ஆரஞ்சுப் பழமும் வைக்கலாம். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் மாற்ற முடியாத பள்ளி பானத்திலிருந்து தொடங்கட்டும்: பட்டியலில் சர்பத்துப் புட்டி என்று எழுதும் இடத்தில் பெரிய தண்ணீர்ச் சாடி என்று எழுதினால், விருந்துத் தட்டின் சீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அன்றே குறைந்துவிடும்.